பச்சைச் சேலைக்கு மட்டும் நிறம்

பச்சைச் சேலை கட்டச் சொன்னது நான்தான். அக்கா மெரூன் சேலையைத்தான் எடுத்து வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்குக் கிருஷ்ணகிரியில் அவளே தேடி வாங்கியது. அதை அவள் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் கதவருகே வந்து நின்று பார்ப்பார்கள். அவ்வளவு பொருத்தம். மெரூன் கேமராவுக்கு ஆகாது, என் பச்சையைக் கட்டிக்கொள் என்றேன். கேமராவைப் பற்றி எனக்கு அப்போது மூன்று வாரப் படிப்பு. அவளுக்கு அதுவும் கிடையாது. நம்பினாள்.

பொய் அது. மெரூன் கேமராவுக்கு நன்றாகவே ஆகும். எனக்குத்தான் ஆகவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், லைன் வீட்டில் ஒற்றை அறை எடுத்து இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் மத்தூர் பக்கம். அக்கா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பொடிப்பொடிப் பாகங்களைப் பூட்டுகிறாள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, தலைக்குக் குல்லாய், வாய்க்கு மாஸ்க். ஷிஃப்ட் முழுக்க அவளுடைய கண் மட்டும்தான் வெளியே தெரியும். நான் வண்டிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பாகத்தை எடுத்து, விளக்குப் பெட்டிக்குள் மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஷேடு இம்மி தப்பினாலும் சிவப்பு ஸ்டிக்கர். மெஷின் சரி என்று காட்டியதை நான் தப்பு என்று சொல்லி, கடைசியில் நான் சொன்னதே சரியாகப் போனதும் உண்டு. என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

அக்காவுக்கு இருபத்தொன்பது, எனக்கு இருபத்தாறு. அவள் கருப்பு. நான் மாநிறத்துக்கு ஒரு படி மேலே. ரெண்டு பேரும் ஒரே வயிற்றில்தான் பிறந்தீர்களா என்று கேட்காமல் எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளியும் வந்து போனதில்லை. எனக்கு ஒரு வரன் தானாக வந்து காத்துக்கொண்டிருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. பெரியவளை வீட்டில் வைத்துக்கொண்டு சின்னவளுக்குச் செய்வதா என்று அம்மா நிறுத்தி வைத்துவிட்டாள். ஆகவே அக்கா கல்யாணத்துக்கு அவசரப்பட்டது அக்கா இல்லை, நான். இதை எழுதாமல் விட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் படம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தோம். நாங்கள் கேட்கவே இல்லை, அவர்களாகவே முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். பெண் பார்க்கிற படம் என்றாலே அங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது. கழுத்துவரை வெள்ளை, கைக்கு வேறு நிறம். தரகர் அதைப் பார்த்து, படம்னா இப்படி இருக்கணும் என்று சந்தோஷப்பட்டார். அவர் ஊத்தங்கரைக்காரர். அந்தப் படத்தை நம்பி ஒரு குடும்பம் மத்தூருக்கு வந்தது. அக்கா தலை குனிந்து நின்று வணங்கினாள். நான் காபித் தட்டோடு பின்னால் வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்து, வாம்மா, இப்படிப் பக்கத்தில் உட்கார் என்று கூப்பிட்டார். படத்தில் இருந்த பெண் நான்தான் என்று நினைத்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். ஓசூரில் ஆறு வருஷம் இருந்தவர்களுக்குக் கன்னடம் புரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. போட்டோவில் இருந்தது இவள் இல்லை, ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பேசினார்கள். காபியைத் தொடாமல் எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் அக்கா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அழவில்லை. ஆறிப்போன காபியைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து சொன்னாள்: "இனிமே எவனும் என் மூஞ்சில வெள்ள அடிக்கக் கூடாது. கேட்டுக்க. நீயும்தான்."

நான் சத்தியம் பண்ணினேன். இனிமேல் உன் படத்தை நானே எடுக்கிறேன், துளி வெள்ளை அடிக்க மாட்டேன் என்று.

கம்பெனியில் என் சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போவார். அவரிடம் ஒரு பழைய கேமரா சும்மா இருந்தது. ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கினேன். கற்றுக்கொண்டதெல்லாம் ஃபோனில், கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும். புதிதாக எடுக்கிறவர்களுக்கு என்று வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆளை நேராக நிறுத்தாதே, தோளைக் கொஞ்சம் திருப்பு, எடையைப் பின்காலில் போடச் சொல், தாடையைக் கொஞ்சம் முன்னே நீட்டிக் கீழே இறக்கு, கைக்கு ஏதாவது வேலை கொடு, மூச்சை விடச் சொல்லிவிட்டு அமுக்கு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் வரும் வளவளப் பேச்சைத் தள்ளிவிட்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுவேன். அதற்கும் சேர்த்துத்தான் பிறகு அனுபவித்தேன்.

அப்படித் தள்ளிக்கொண்டு போனபோதுதான் அந்த வித்தை கண்ணில் பட்டது. படம் முழுவதையும் கருப்பு வெள்ளை ஆக்கிவிட்டு, ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைப்பது. மழையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், எல்லாம் சாம்பல், அவள் குடை மட்டும் மஞ்சள். செயலியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு இருக்கும். வேண்டாத நிறத்தின் கோட்டை இடது பக்கம் இழுத்தால் அந்த நிறம் செத்துவிடும். என் கைப்படத்தை வைத்துப் பழகிப் பார்த்தேன். தோலின் நிறம் ஆரஞ்சுக் கோட்டிலும் சிவப்புக் கோட்டிலும்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அவை இரண்டையும் இழுத்துவிட்டால் கையில் நிறமே இல்லை. கருப்பா சிவப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெள்ளை அடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை, சத்தியத்தையும் மீறவில்லை. நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காத ஒரு படம். பார்க்கிறவர்கள் முகக்களையைப் பார்க்கட்டும், கண்ணைப் பார்க்கட்டும், பிறகு நேரில் வரட்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரே சிக்கல் சேலை. மெரூனும் தோலும் ஒரே கோட்டில் வரும். மெரூனை வைத்துக்கொண்டால் தோலும் நிறத்தோடு நிற்கும். தோலை எடுத்தால் மெரூனும் போய்விடும். பச்சை என்றால் தொந்தரவு இல்லை. அதனால்தான் பச்சை.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அக்காவிடம் சொல்லவில்லை.

பர்கூரில் எங்கள் மாமா ஒரு கிரானைட் யார்டில் பாலீஷ் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை இல்லை. பின்னணி சுத்தமாக இருக்கும் என்று அங்கே அழைத்துப் போனேன். மெருகேற்றிய கருங்கல் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. எவ்வளவு கருப்போ அவ்வளவு கிராக்கி என்று மாமா ஒன்றைத் தட்டிக் காட்டினார். வெளிநாட்டுக்கெல்லாம் போகிறதாம். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு நிற்கத் தெரியவில்லை. இதுவரை எடுத்த படமெல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் கம்பெனி ஐடி கார்டுக்கும் எடுத்தவைதான். கேமராவைத் தூக்கினாலே முதுகை நிமிர்த்திக் கண்ணை உருட்டி அட்டென்ஷனில் நின்றாள். தோளைத் திருப்பச் சொன்னால் மொத்த உடம்பும் திரும்பியது. தாடையை இறக்கச் சொன்னால் தரையைப் பார்த்தாள். கைக்கு ஏதாவது வேலை கொடு என்றேன். என்ன வேலை என்று கேட்டாள். சும்மா, முந்தானையைப் பிடி என்றேன். கம்பெனி லைனில் ஒரு நிமிஷம் கை சும்மா இருந்தால் லீடர் வந்து நிற்பான், இங்கே சும்மா இருப்பதையே ஒரு வேலையாகச் செய்யச் சொல்கிறாயே என்றாள். முப்பது நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஐடி கார்டு.

எரிச்சலில், இப்படி நில்லு என்று நானே நின்று காட்டினேன். இடுப்பில் ஒரு கை, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தாடையை நீட்டி, வீடியோவில் சொன்னபடியே. "கழுத்து புடிச்சிக்கின கோழியாட்டம் நிக்கிற" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். பக்கத்துப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் தளர்ந்து, மூச்சு வெளியே போக, அப்படி ஒரு சிரிப்பு. கேமரா என் கையில்தான் இருந்தது. அமுக்கிவிட்டேன்.

திரையில் பார்த்தேன். பட்டியல் போட்டு நான் சொன்ன எல்லாமே அதில் இருந்தன. திருப்பிய தோள், பின்காலில் எடை, கைக்கு வேலை. நான் சொல்லி வராதது தானாக வந்திருந்தது. சாயங்கால வெயில் அவள் கன்னத்தில் விழுந்து, அந்தக் கருப்பு செம்பு கலந்த மாதிரி மினுங்கியது. இதையும் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்த பிறகுதான் அதைச் செய்தேன்.

அந்த ஒரு படத்தை மட்டும் ஃபோனுக்கு ஏற்றினேன். மற்றவை தண்டம் என்று அழித்துவிட்டேன். சூப்பர்வைசர் மறுநாள் லீவு போட்டு ஒரு முகூர்த்தத்துக்குப் போக, இந்தக் கேமராவும் வேண்டும் என்று கேட்டிருந்ததால், கார்டைச் சுத்தமாகத் துடைத்துக் கேமராவோடு திருப்பிக் கொடுத்தேன். பிறகு உட்கார்ந்து ஆரஞ்சுக் கோட்டை இழுத்தேன். சிவப்புக் கோட்டை இழுத்தேன். அக்காவின் முகம், கழுத்து, கை எல்லாம் சாம்பலாகப் போயின. சேலையின் பச்சை முன்னைவிடப் பளிச்சென்று நின்றது. வளையலும் பச்சை, அதுவும் நின்றது. காதோரம் செருகியிருந்த கனகாம்பரம் தோலோடு சேர்ந்து போய்விட்டது. அதை விரலால் தேய்த்துத் தேய்த்து மீட்டேன். நெற்றிப் பொட்டும் போயிருந்தது. பொட்டில்லாமல் பெண் பார்க்கிற படமா என்று பயந்து, அதை மட்டும் பெரிதாக்கி, ஓரம் பிசகாமல் சிவப்பை மீட்டு வைத்தேன். கடைசியில் சாம்பலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வெளிச்சமாக ஏற்றினேன். அது வெள்ளை அடிப்பதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேமித்தேன். அக்காவுக்குக் காட்டாமல் தரகருக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தரகர் ஃபோன் செய்தார். நானும் அக்காவும் ஒரே ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தோம். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஊத்தங்கரைக் குடும்பம் ஒன்று, பையன் ஓசூரிலேயே லேத் பட்டறையில் இருக்கிறான், ஜாதகம் பொருந்திவிட்டது, படம் மட்டும்தான் பாக்கி என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது அவர் குரலில் இழுவை இருந்தது.

"ஏம்மா, அது இன்னா போட்டோ? பிரிண்டு போட்டு, காலைல சாமி கும்புட்டு எழுந்த பையனோட அம்மா கையில போய்க் குடுத்தேன். பாத்துட்டு வாய்ல துணிய வச்சிக்கிச்சி. மூஞ்சி சாம்பலு, பொட்டு மட்டும் செவப்பு. பஸ் ஸ்டாண்டுல சாவுக்குக் கட்டுற பேனராட்டம் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. அபசகுனமாப் போச்சி, வேணாம்னு."

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது தெரியாமல் போகுமா? காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் எதுவானாலும் ஃபிளெக்ஸில் முகங்கள் ரோஸ் நிறத்தில் ஜொலிக்கும். கண்ணீர் அஞ்சலி என்றால் மட்டும்தான் முகம் கருப்பு வெள்ளை. செத்தவள் சுமங்கலி என்றால், பொட்டுக்கு மட்டும் சிவப்பு வைப்பார்கள். மத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த மாதிரி முகங்களுக்குக் கீழே நின்றுதான் நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறியிருக்கிறேன். ஒருநாள் பாக்கியில்லாமல் பார்த்த அதே முகத்தைத்தான் என் விரலால் தேய்த்துத் தேய்த்து அக்காவுக்குச் செய்து வைத்தேன்.

தரகர் இன்னும் முடிக்கவில்லை. "நெறமெல்லாம் அவங்க கேக்கவே இல்லம்மா. அவங்க வூட்டுல எல்லாருமே நம்ம நெறந்தான். ஒரு சாதா போட்டோ போதும்னுதான் கேட்டாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஃபோனை வாங்கி, தரகரை நிறுத்திவிட்டு, படத்தைத் திறக்கச் சொன்னாள். நான் திறந்து கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். முதலில் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன், உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"சேலைக்குக் கலர் வச்சிருக்கிற. வளையலுக்கு வச்சிருக்கிற. பூவுக்கு, பொட்டுக்கு வச்சிருக்கிற. என்னை மட்டும் எடுத்துட்டியாடி?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வெள்ளை அடிக்கவில்லை, சத்தியத்தை மீறவில்லை என்று உளறினேன். அவள் கேட்கவில்லை. மெரூன் வேண்டாம் என்றது இதற்குத்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அந்த ஒரு கேள்விக்குத்தான் நேர்மையாகப் பதில் சொன்னேன்.

சரி, எடுத்தபடியே இருக்கிற படத்தைக் கொடு, அதில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன், எனக்கு வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு இல்லை, தனக்கு. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் தனக்காக ஒரு படம் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் தேடினேன். படம் இல்லை. செயலியில் சேமித்தபோது அது பழைய படத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. எடிட் பண்ணுவதற்கு முன் மூலப்படத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து வை என்பதுதான் எல்லா வீடியோவிலும் முதல் பேச்சு. நான் தள்ளிவிட்டுப் போன வளவளப்பு அதுதான். சூப்பர்வைசரிடம் கார்டைக் கேட்டேன். அதில் இரண்டு கல்யாணம் ஏறிவிட்டது. அழித்த நிறத்தைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். இல்லாததை எங்கிருந்து எடுப்பது என்று அவர் சிரித்தார். வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சரி என்றாள். அந்தச் சரியை நான் இன்றுவரை சுமக்கிறேன். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடியும் எடுக்கலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். வரவில்லை. மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், சாம்பல் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நானே நிறம் பூச உட்கார்ந்தேன். செயலியில் நிறக் கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டு, விரலால் லேசாகத் தேய்த்தால் சாம்பலின் மேல் அந்த நிறம் படியும். ஷேடு பார்ப்பதுதானே என் பிழைப்பு, இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஒரு கட்டத்தைத் தொட்டுக் கன்னத்தில் தேய்த்தேன். அது அக்கா இல்லை. அழித்தேன். இன்னொன்று. அதுவும் இல்லை. நாலைந்து தடவை ஆன பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு தடவையும் என் விரல் அவளைவிட ஒரு படி வெளுப்பான கட்டத்துக்குத்தான் போனது. என் கண் அதைச் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. விளக்குப் பெட்டிக்குள் இம்மி தப்பினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கண், அக்காவை ஒரு தடவைகூட அவளுடைய ஷேடில் வைத்துப் பார்த்ததில்லை. மாதிரித் துண்டு வேண்டும். அது அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. வந்து என் பக்கத்தில் உட்கார், உன் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்த வாயால் கூப்பிடுவேன்?

நான் கூப்பிடவில்லை. அவளே கை துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கை வரை ஈரமாக இருந்த கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

"இன்னும் கருப்பு வை" என்றாள்.

ஒரு கட்டம் கீழே போனேன். இன்னும் என்றாள். இன்னொன்று போனேன். இன்னும். முன்பு ஏற்றியிருந்த வெளிச்சத்தையும் நானாகவே இறக்கினேன். அவள் கை அசையாமல் இருந்தது. ஒரு கட்டத்தில் திரையும் கையும் ஒன்றாயின. கன்னத்தைத் தேய்த்தேன், கழுத்தைத் தேய்த்தேன், பலகையில் ஊன்றியிருந்த கையைத் தேய்த்தேன். அசலில் இருந்த செம்பு மினுக்கு வரவில்லை. ஆனாலும் அது அக்காதான்.

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கலர அனுப்பறதுக்கா பயந்த?"

அவள் எழுந்து போய் மீதிப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.